மீசை இல்லாத புள்ளி

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் குற்றாலத்தை ஒட்டிய மேலகரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். மற்ற மாதங்களில் நாம் கூப்பிட்டால் போனை எடுக்காதவர்கள்கூட, காலையிலேயே கூப்பிட்டு அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று அக்கறையாக விசாரிப்பார்கள். விழுகிறது என்று வாய் தவறிச் சொன்னால் போச்சு, மதியத்துக்குள் வேன் வந்து வாசலில் நிற்கும். அந்த வருடம் மதினி, என் கணவரின் அக்கா, ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்திருந்தார். நான் இனிக்க இனிக்கப் பேசுகிற ரகம் இல்லை. வந்தவர்களுக்குச் சோறு பொங்கிப் போடுவேன், பாய் விரித்துக் கொடுப்பேன், அதற்குமேல் என்னிடம் சிரிப்பை எதிர்பார்க்கக் கூடாது. காலைச் சாப்பாட்டை முடித்துக் கொடுத்துவிட்டு மாடியறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வேலையைப் பார்ப்பேன்.

என்ன வேலை என்று கேட்டு, நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் கொட்டாவி விட்டவர்கள் எங்கள் குடும்பத்தில் நிறைய. புது மருந்து ஒன்றைக் கடைக்குக் கொண்டுவருவதற்கு முன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். அவர்கள் ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்கு வரும்போதும் வலி எவ்வளவு, ரத்தம் எப்படி என்று எழுதிக்கொள்வார்கள். அந்த எண்கள் மலையாகக் குவியும். அவற்றை அட்டவணையாகவும் கிராஃபாகவும் ஆக்கிக் கொடுக்கிற கம்பெனி ஒன்றுக்கு நான் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன். கம்பெனி பெங்களூரில். நான் இங்கே, துவைத்த துணி காயாத ஊரில்.

கிராஃபில் எனக்குப் பிடித்தது எரர் பார். ஒரு குழுவில் உள்ள எல்லோருடைய வலியின் சராசரியும் ஒரு புள்ளியாக நிற்கும். அந்தப் புள்ளிக்கு மேலும் கீழும் மெல்லிய குச்சி ஒன்று நீளும், இரண்டு முனையிலும் சின்னக் குறுக்குக்கோடு. நாங்கள் அதை மீசை என்போம். மீசை நீளமாக இருந்தால், இந்தச் சராசரியை ரொம்ப நம்பாதே என்று அர்த்தம். குட்டையாக இருந்தால் கொஞ்சம் தைரியமாக நம்பலாம். புள்ளி சொல்வதைவிட மீசை சொல்வதைத்தான் நான் முதலில் கேட்பேன். வாய்ச்சவடால் பேசுகிற ஆளைவிட, எனக்கு இவ்வளவுதான் தெரியும் என்று ஒப்புக்கொள்கிற ஆளை நம்பலாம் இல்லையா, அதுமாதிரி.

முன்னெல்லாம் ஒவ்வொரு கிராஃபுக்கும் தனித்தனியாக புரோகிராம் எழுதி, வரைந்து, பார்த்து, திருத்துவோம். சலித்துப்போய் நான் ஒரு மேக்ரோ எழுதினேன், வேண்டும்போதெல்லாம் கூப்பிட்டுக்கொள்கிற குட்டி புரோகிராம். எந்த அளவு, எந்தக் குழு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும், புள்ளியியல் மென்பொருள் தானே சராசரி எடுத்து, மீசை வைத்து, பக்கம் பக்கமாக வரைந்து தள்ளிவிடும். ஒரு வாரத்து வேலை ஒரு காபி குடிக்கிற நேரத்தில் முடிந்தது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். எனக்குத் திமிர் கொஞ்சம் ஏறித்தான் போயிருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி செய்ததை இன்னொருத்தி முதலிலிருந்து தனியாகச் செய்து பார்க்க வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. கடைசியில் இருவருடைய எண்களையும் மென்பொருளே ஒப்பிட்டு, எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னால் பக்கம் பாஸ். பிறகு சரிபார்த்தவர் கிராஃபைக் கண்ணாலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்குச் சரிபார்ப்பவள் வாசுதேவநல்லூர்க்காரி. அவளும் வீட்டிலிருந்துதான் வேலை. என்னைவிடச் சின்னவள், வாயைத் திறந்தால் அக்கா அக்கா என்பாள். வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரமாகவில்லை. புருஷன் வளைகுடாவிலிருந்து வேலை போய்த் திரும்பி வந்து வீட்டில் இருந்தார். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அந்த மாதம்தான் அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவெடுப்பதாக இருந்தார்கள். "இந்த ஸ்டடி நல்லபடியா போய்ட்டுன்னா பெர்மனன்ட் பண்ணிருவாங்களாம் அக்கா" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள். மேனேஜரும் என்னிடம், இதுதான் அவளுக்குப் பரீட்சை என்று சொல்லியிருந்தார்.

அது மூட்டுவலி மாத்திரை ஒன்றுக்கான ஆய்வு. மருந்தைக் குறைந்த அளவில் ஒரு குழுவுக்கும், அதிக அளவில் இன்னொரு குழுவுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கு எந்த அளவு என்பது எங்களுக்கும் தெரியும், டாக்டர்களுக்கும் தெரியும். எந்த அளவைப் பெரிய ஆய்வுக்கு எடுத்துப் போவது என்று முடிவு செய்ய, மருந்துக் கம்பெனி டாக்டர்கள் அன்று சாயங்காலம் நாலு மணிக்கு மீட்டிங் வைத்திருந்தார்கள். எங்கள் கிராஃப்கள் முந்தின நாளே அவர்களுக்குப் போய்விட்டன.

காலையில் வேன் கூட்டம் துண்டும் சோப்பும் எண்ணெய்க் கிண்ணமுமாக அருவிக்குக் கிளம்பியது. வீடு அடங்கியது. மீட்டிங்கில் யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று பக்கங்களை நிதானமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். மூட்டுவலிப் பக்கம் வந்தது. அதிக அளவுக் குழுவின் கோடு இறங்கி இறங்கி, கடைசி வருகையில் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு புள்ளியாக நின்றது. வலி அவ்வளவு குறைந்திருக்கிறது. சபாஷ் என்று நினைத்தேன். அடுத்த பக்கத்துக்குப் போகக் கை போனது. போகவில்லை. அந்தப் புள்ளிக்கு மீசை இல்லை.

மனுஷ உடம்பு சம்பந்தப்பட்ட எதிலும் மீசை இல்லாத புள்ளி என்று ஒன்று கிடையாது. மூன்று பேருக்கு வலி இருந்தால் மூன்று விதமாகத்தான் இருக்கும். உள்ளே போய் எண்களைத் திறந்து பார்த்தேன். அந்தக் கடைசி வருகையில், அந்தக் குழுவில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

ஒரு ஆளின் சராசரி அவர் எண்தான். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தைக் கணக்குப் போட முடியாது. மென்பொருள் யோக்கியமாக அந்த இடத்தை வெற்றாக விட்டுவிடும். ஆனால் இங்கே வெற்று இல்லை, ஏற்ற இறக்கமே கிடையாது என்பதுபோலப் பூஜ்யம் இருந்தது. யார் வைத்த பூஜ்யம் என்று தேடிப் போனேன். மீசைக் கணக்குக்காக என் மேக்ரோ கூப்பிடுகிற ஆபீஸின் பொது மேக்ரோவில் ஒரு வரி இருந்தது. வெற்றாக வந்தால் பூஜ்யம் போட்டுவிடு.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்பது எங்கள் ஆட்களுக்கு மட்டும் புரியும். வெற்று இடத்தோடு கணக்குப் போட்டால் மென்பொருள் ஓடும்போது தானே எழுதிவைக்கிற குறிப்பில் முணுமுணுக்கும், இங்கே எண் இல்லை, அங்கே எண் இல்லை என்று. அந்த முணுமுணுப்பு இருந்தால் வாடிக்கையாளர் ஏற்கமாட்டார். குறிப்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு வேதம். எந்தப் புண்ணியவானோ குப்பையைப் பாய்க்கடியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். ஆபீஸ் அங்கீகரித்த மேக்ரோ என்பதால் நானும் அதைக் கூப்பிட்டேன், வாசுதேவநல்லூர்க்காரியும் அதையே கூப்பிட்டாள். விதி அதை அனுமதிக்கிறது. இரண்டு பேரின் எண்ணும் அச்சு அசலாக ஒத்துப்போனது. ஒரே தராசில் இரண்டு தடவை நிறுத்துவிட்டு எடை சரி என்று சொன்ன கதை.

எதைப் பற்றி ஒன்றுமே தெரியாதோ, அந்தப் புள்ளிதான் பக்கத்திலேயே ரொம்ப நிச்சயமான புள்ளியாக நின்றது. இன்னும் சில மணி நேரத்தில் அதை நம்பி ஒரு முடிவு எடுக்கப்போகிறார்கள். விதிப்படி பார்த்தால், கிராஃபைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டது அவள். பழி அவள் தலையில்தான் விழும்.

போன் போட்டேன். எடுத்த எடுப்பிலேயே, "சாப்ட்டீங்களா அக்கா" என்றாள்.

"சாப்பாட்டை விடுட்டி. மூட்டுவலிப் பக்கத்தைத் திற. அதிக அளவு, கடைசிப் புள்ளி. என்ன தெரியுது?"

மவுஸ் உருளும் ஒலி மட்டும் கேட்டது. பிறகு மூச்சை இழுத்தாள்.

"அக்கா. இதுல ஒரு ஆளுதான் இருக்காரு."

"ஆமா."

"நான் கையெழுத்துப் போட்டுட்டேம்லா."

"அதுக்குத்தான் கூப்புடுதேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இப்பம் சொன்னா என் சோலி முடிஞ்சிது அக்கா. மீட்டிங் முடியட்டும். அடுத்த தடவை அனுப்பும்போது திருத்தி அனுப்பிருவோம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கோட்டி மாதிரி பேசாத. இன்னைக்கு முடிவு பண்ணிட்டு அந்த மாத்திரையை இன்னும் எத்தனையோ பேரு வாயில போடப் போறாங்க. அடுத்த தடவை நீ எதைத் திருத்துவ?"

"உங்களுக்கு என்ன அக்கா, நீங்க பெர்மனன்ட்."

அந்த ஒரு வார்த்தை சுட்டது. பதிலுக்கு எதையாவது சுடச்சுடச் சொல்லியிருப்பேன், வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தப்பு இரண்டு பேருடையது, அதற்கு முன்னால் ஆபீஸுடையது. போகப்போகிற வேலை அவளுடையது மட்டும்.

மெதுவாகச் சொன்னேன். "இங்க பாரு. நான் சொன்னா நீ மாட்டிக்கிட்டேன்னு ஆகும். நீயே சொன்னா நீ கண்டுபிடிச்சேன்னு ஆகும். அந்தப் பக்கம் வரும்போது மைக்கைத் திறந்து, இது ஒரு ஆளோட எண்ணு, இதை நம்பாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

"சாருட்ட முன்னாடியே சொல்லிராதீங்க அக்கா. நானே சொல்லிருதேன். சத்தியமா சொல்லிருதேன்."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். மேனேஜருக்கு ஒரு வரி அனுப்பியிருந்தால் என் நெஞ்சுப் பாரம் அப்போதே இறங்கியிருக்கும். அனுப்பவில்லை.

மீதி நேரத்தில் அந்தப் பூஜ்ய வரியைத் தூக்கிவிட்டு மேக்ரோவை மறுபடி ஓட்டினேன். ஒவ்வொரு வருகைக்கும் கீழே எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒரு வரிசையும் போட்டேன். அதிக அளவுக் குழுவின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்து ஒன்றில் நின்றது. மிச்சப் பேர் எங்கே போனார்கள் என்று தேடி, அவர்கள் விலகிய காரணங்களை ஒவ்வொன்றாகத் தாளில் குறித்துக்கொண்டேன்.

நாலு மணிக்குச் சரியாகக் காற்று பிடித்துக்கொண்டது. தென்னை மட்டை எங்கேயோ விழுந்த சத்தம் கேட்டது. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்ததால் இன்வெர்ட்டர் ஒவ்வொரு தடவையும் முனகியது. அதே நேரத்தில் வேன் கூட்டமும் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தது. மாடிப்படியில் ஈரக்கால்கள் திமுதிமுவென்று ஏறின. மதினி கதவைத் தள்ளிக்கொண்டு தட்டை நீட்டி, "சூடா பஜ்ஜி வாங்கியாந்தேன், ஒண்ணு வாயில போட்டுக்க" என்றார். நான் கையைக் காட்டி வெளியே போங்கள் என்றேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரையில் எல்லோரும் சின்னச் சின்னச் சதுரங்களாக இருந்தார்கள். மருந்துக் கம்பெனியின் மூத்த டாக்டர் ஒரு அம்மாள், மெல்லிய குரல், நிதானமான ஆங்கிலம். மூட்டுவலிப் பக்கத்துக்கு வந்ததும் நின்றார். அதிக அளவில் வலி நன்றாக இறங்கியிருக்கிறது என்றார். அதிலும் கடைசி வருகையைப் பாருங்கள், எரர் பாரே கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு சீராக எல்லோருக்கும் குறைந்திருக்கிறது, அதிக அளவையே எடுத்துப் போகலாம் என்று தோன்றுகிறது என்றார். மற்ற டாக்டர்கள் தலையாட்டினார்கள். எங்கள் மேனேஜர் சும்மா இருக்கலாம் இல்லையா, இந்த கிராஃப் எல்லாம் தானாகவே வரைபவை என்று பெருமையாகச் சொன்னார்.

நான் அவளுடைய சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுட்டி, சொல்லு. மைக் திறந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், ஒரு விஷயம்" என்றாள். எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் சதுரம் அணைந்து போனது.

லைன் போய்விட்டது போலிருக்கிறது, வரட்டும் என்றார் மேனேஜர். காத்திருந்தோம். வெளியே காற்று ஜன்னலைப் போட்டு அறைந்தது. அவள் வரவில்லை. டாக்டரம்மாள், சரி, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று அடுத்த பக்கத்துக்குப் போனார். அங்கிருந்து அதற்கடுத்த பக்கம். வந்துவிடுவாள், வந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முடிவைக் குறித்துக்கொள்ளலாமா என்று அந்த அம்மாள் கேட்டபோது என்னால் அதற்குமேல் முடியவில்லை. மைக்கைத் திறந்தேன்.

என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. மூட்டுவலிப் பக்கத்தில் அந்தக் கடைசிப் புள்ளி ஒரே ஒரு நோயாளியின் எண், எரர் பார் இல்லாதது சீராகக் குறைந்ததால் அல்ல, கணக்கே போட முடியாததால், தயவுசெய்து அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்றேன். திருத்திய பக்கத்தைத் திரையில் போட்டேன்.

பிறகு டாக்டரம்மாள் கேட்டார், ஒருவர்தான் என்றால் மற்றவர்கள் எங்கே?

அதைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். வாந்தியும் தலைச்சுற்றலும் தாங்க முடியாமல் ஒவ்வொருவராக மாத்திரையை நிறுத்திவிட்டு விலகிப் போய்விட்டார்கள் என்று சொன்னேன். தாக்குப்பிடித்த ஒருவருக்கு வலி குறைந்தது உண்மை. தாக்குப்பிடிக்காதவர்கள் அந்தக் கோட்டிலேயே இல்லை.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிக அளவைப் பற்றி இன்று எதுவும் முடிவு செய்யப்போவதில்லை என்றார். எனக்கு நன்றி சொல்லிவிட்டு மீட்டிங்கை முடித்தார்.

மேனேஜர் உடனே போனில் வந்தார். சென்னைக்காரர், சாதாரணமாகக் குரலை உயர்த்தமாட்டார். அன்று உயர்த்தினார். "யாருங்க இதை செக் பண்ணது? கையெழுத்து போட்டிருக்காங்களே, கண்ணு எங்க இருந்துச்சு?"

"என் கண்ணு எங்க இருந்துச்சோ அங்கதான் சார். பூஜ்யம் போட்டது ஆபீஸ் மேக்ரோ. அதையும் கேளுங்க. காலையிலதான் ரெண்டு பேரும் அதைப் பாத்தோம்."

"அது இருக்கட்டும். தப்புன்னு தெரிஞ்சு அந்தப் பொண்ணு ஏன் வாயைத் திறக்கலை?"

"திறந்தாளே சார். சொல்லத்தானே வந்தா, நீங்களே கேட்டீங்கல்லா. இங்க காத்து என்ன பாடு படுத்துதுன்னு உங்களுக்குத் தெரியாது. கரண்ட் போய்ட்டு. அதுக்கு அவ என்ன செய்வா?"

அவர் மசியவில்லை. நானும் விடவில்லை. என் வாய் ஒரு தடவை திறந்தால் லேசில் மூடாது, ஊருக்கே தெரியும். அவளை அனுப்புவதென்றால் அந்த மேக்ரோவைக் கூப்பிட்ட என்னையும் சேர்த்து அனுப்புங்கள் என்றேன். கடைசியில் அலுத்துப்போய், "சரிங்க, அவங்க சொல்ல வந்தாங்கன்றதுக்கு நீங்க கேரண்டியா?" என்றார்.

"நான் கேரண்டி" என்றேன்.

அவள் இருட்டிய பிறகு கூப்பிட்டாள். கரண்ட் போய்விட்டது அக்கா என்று மட்டும் சொன்னாள். தெரியும், கவலைப்படாதே என்றேன். அந்த மாதக் கடைசியில் அவளை நிரந்தரமாக்கினார்கள். பொது மேக்ரோவிலிருந்து பூஜ்ய வரியையும் எடுத்தார்கள். மதினியிடம் அன்றைக்கே போய், கோபத்தில் கையைக் காட்டிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொன்னேன். ஆறிப்போன பஜ்ஜியை எனக்கென்று மூடி வைத்திருந்தார்.

சாரல் ஓய்வதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசுதேவநல்லூர்க்காரி குடும்பத்தோடு குற்றாலத்துக்கு வந்தாள். குளித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அதுவரை திரையில் பார்த்த முகத்தை அன்றுதான் நேரில் பார்த்தேன். அவள் புருஷனும் பிள்ளையும் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் இலையில் கையே வைக்கவில்லை. மாடியைப் பார்க்கணும் அக்கா என்று என் பின்னாலேயே ஏறி வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அறைக்குள் வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"அன்னைக்கு எங்க ஊர்ல கரண்ட் போகல அக்கா."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"ஒரு விஷயம்னு சொல்லிட்டேன். எல்லாரும் என்னையே பாத்தாங்க. எங்க வீட்டுல அவரு அந்தப் பக்கம் உக்காந்து காய் நறுக்கிட்டு இருந்தாரு. அவரைப் பாத்தேன். கை தன்னால போயி நெட்டு சுவிட்சை அமத்திட்டு."

கேரண்டி என்று சொன்ன என் குரல் எனக்கே காதில் கேட்டது. அவள் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது. சத்தியமாக அப்படித்தான் இருந்தது.

"இதை எதுக்குட்டி எங்கிட்ட சொல்லுத? வேலைதான் கிடைச்சிட்டுல்லா. வாயை மூடிட்டு இருக்க வேண்டியதுதானே."

"நீங்க எனக்காகச் சண்டை போட்டதை சாரே சொன்னாரு அக்கா. அதைக் கேட்டதுலேருந்து சோறு இறங்கல. நீங்க நம்பிக்கிட்டு இருக்கீங்கல்லா, அதைத்தான் தாங்க முடியல." தலையைக் குனிந்துகொண்டாள். "சாருட்ட சொல்லிருவீங்களா?"

அவளை அடிக்க வந்த கோபம் முழுசாக இறங்கவில்லை. ஆனாலும் அடுப்பு என் ஒருத்தி சம்பளத்தில் எரிந்து, அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் என் கை எங்கே போயிருக்கும் என்று எனக்கு நிச்சயமாகச் சொல்ல வரவில்லை.

"சொல்லமாட்டேன்" என்றேன். "ஆனா இனிமே பயம் வந்தா சுவிட்சை அமத்தாத. எனக்குப் போன் போடு."

அவள் அப்போதுதான் அழுதாள். தலை துவட்டத் துண்டு எடுக்கிற சாக்கில் நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.